கணக்கு ஏன் பரீட்சையில் மறக்கிறது?

(கப்பலூரில் மாணாக்கர், பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் விவரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணமும் அல்ல, தேர்தலும் அல்ல, கணக்கு. கணக்கைப்பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டமா என்று சிலருக்குச் சிரிப்புக்கூட வரலாம். ஆனால் இந்தக் கப்பலூரிலும், திருமங்கலம் வட்டாரத்துக் கிராமங்களிலும், ஆலையிலும் தொழிற்பேட்டையிலும் காட்டிலும் பாடுபட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற நம்மவர் வீடுகளில், பத்தாவது வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் என்ன பேச்சு கேட்கிறது? "மற்றதிலெல்லாம் தேறிவிட்டான், கணக்கிலே போய்விட்டது" என்பதுதானே? "எல்லாம் போட்டுப் பார்த்த கணக்குத்தான், ஹாலில் உட்கார்ந்தவுடன் மறந்துபோய்விட்டது" என்று பிள்ளை அழுகிறான். பாட்டி அவன் தலையெழுத்து என்கிறாள். சோசியன் சனி பார்க்கிறான் என்கிறான். தகப்பனோ எல்லாரையும் மிஞ்சி, "நம்ம குலத்துக்குக் கணக்கு எங்கேயப்பா வரும்? அதற்கு மூளை வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். பிள்ளை படித்த முறையையும், அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையையும் தவிர, மற்ற எல்லாவற்றின் மேலும் பழி போட்டாகிவிட்டது!

தோழர்களே! பாட்டியின் பேச்சையும் சோசியன் பேச்சையுங்கூட நாம் தள்ளிவிடலாம். தகப்பன் பேச்சுத்தான் ஆபத்தானது. பிறப்பினாலே ஒருவனுக்கு அறிவு, பிறப்பினாலே ஒருவனுக்கு மடமை என்பதை ஒழிக்கத்தானே 1925 முதல் இந்த இயக்கம் தொண்டை வறளக் கத்திவந்திருக்கிறது? கோவிலில் அதை விரட்டினோம், ஓட்டலில் விரட்டினோம். விரட்டப்பட்ட அது சந்து வழியாக ஓடிவந்து நம் பிள்ளையின் கணக்கு நோட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்றால் சும்மா இருக்கலாமா? கணக்கில் போனவனுக்கு மேல் வகுப்பில் கணக்குப் பிரிவு இல்லை. கணக்குப் பிரிவு இல்லாதவனுக்கு இன்ஜினீயர் படிப்பின் வாசல் இல்லை. நூறு கேள்வி கேட்டு அடைத்த கதவை "எனக்கு வராது" என்ற ஒரு வார்த்தையால் தானே அடைத்துக்கொள்ளுகிறான்.

முதலில், நம்மவர்க்குக் கணக்கு வராது என்பது உண்மையா என்று பார்ப்போம். இந்த ஊர் ஆலையில் வேலை பார்த்த தொழிலாளி இங்கே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜ நீளமுள்ள சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை வரும் என்பது. அறுபதாம் நம்பர் என்றால் அறுபது சிட்டம். அப்படியானால் நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகிறது. இதற்குப் பள்ளிக்கூடத்தில் எதிர்விகிதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் திகைக்கிற நம் தோழர், நூலைக் கையில் பிடித்துப் பார்த்துக் கணக்குச் சொல்லுகிறார். மதுரைப் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று; கால் கிலோவுக்கு எவ்வளவு, அதில் எத்தனை முழம், முழம் எவ்வளவுக்கு விற்றால் கையைக் கடிக்காது என்று பூக்காரத் தாய்மார்கள் காகிதமும் பென்சிலும் இல்லாமல் சொல்லுகிறார்கள். இவ்வூர்ச் சுங்கச்சாவடித் தகராறு நடந்த வருஷங்களில், ஒரு தடவைக்கு இவ்வளவு என்றால் மாதம் எவ்வளவு, வருஷம் எவ்வளவு என்று வேன் ஓட்டுகிறவர்கள் டீக்கடையில் விரல் மடக்காமல் சொல்லிக்கொண்டிருக்கவில்லையா? இவர்களில் கணக்கில் தேறியவர் எத்தனைபேர், தவறியவர் எத்தனைபேர்? தவறியவர்க்கும் இந்தக் கணக்கு மறக்கவில்லையே, ஏன்? தினமும் தேவைப்படுகிறது, தினமும் தலைக்குள்ளிருந்து எடுக்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று ஒன்று வைத்திருந்தார்கள். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பிள்ளைகள் மனப்பாடமாய்ச் சொல்லவேண்டும். (பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும், பழைய காலத்தைப் புகழுகிறவர்கள் இதை விழுங்கிவிடுவார்கள்.) அந்தப் பின்னமெல்லாம் இப்போது எங்கே? 1957 ஏப்ரல் 1-ந் தேதி அணாவும் தம்பிடியும் போய் நூறு காசுக்கு ஒரு ரூபாய் என்று வந்தது. அதன் பின்னாலேயே வீசையும் பலமும் போயின. அதற்குப்பின் முந்திரியை ஒருவரும் உபயோகிக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் ஒரு தேசமே அதை மறந்துவிட்டது! மாகாணி எத்தனையில் ஒரு பங்கு என்று இங்கிருக்கும் வாலிபரைக் கேட்டால் விழிப்பார்கள். அத்தனை கோடிப் பேருக்கும் ஒரே சமயத்தில் சனி பிடித்ததா? இல்லை, மூளை வற்றிப்போனதா? எடுத்துப் புழங்காதது மறந்தது. பாத்திரத்தைப் பரணில் போட்டால் பாசி பிடிக்கிறது. அதற்குப் பாத்திரத்தின் சாதியை யாராவது விசாரிக்கிறார்களா?

நிற்க, மறதியை அளந்து பார்த்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஜெர்மனி தேசத்து எபிங்ஹவுஸ் என்ற அறிஞர், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தம்மையே சோதித்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு. நன்றாகக் கவனியுங்கள்: மறந்தவர் கப்பலூர்க் கூலிக்காரர் மகன் அல்ல, ஜெர்மனி சர்வகலாசாலை ஆசிரியர்! அவரே இன்னொன்றையும் கண்டார். ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பதிய வைத்த பாடத்தை, மூன்று நாளில் பிரித்துச் சொன்னால் 38 தடவையிலேயே அந்த அளவுக்குப் பதிய வைக்க முடிந்தது. முப்பது தடவை மிச்சம்! தைப்பூசத்துக்குப் போகிறவன் ஒரே மூச்சில் நடப்பதில்லை, தங்கித் தங்கித்தான் நடக்கிறான். ஆனால் பிள்ளை மாத்திரம் மார்ச்சு மாதத்தில் பத்து நாள் இராத் தூக்கம் கெட்டு, டீயைக் குடித்துக் குடித்து, எட்டு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் விழுங்கவேண்டும் என்கிறோம். படித்தது தங்குவதற்கே தூக்கம் வேண்டும் என்று இன்றைய ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்க, நாம் "தூங்குகிறாயா, கழுதை!" என்று தட்டி எழுப்புகிறோம்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். உபாத்தியாயர்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. அவர்கள் தலையில் தேர்ச்சி விகிதம் என்ற பாறாங்கல்லை வைத்திருப்பவர்கள் வேறு. ஆனால் ஏற்பாட்டைப் பார்க்கவேண்டாமா? 2012-13-ஆம் வருஷத்தில் எட்டாம் வகுப்பு வரையில் முப்பருவ முறை கொண்டுவந்தார்கள். புத்தக மூட்டை குறைந்தது நல்ல காரியந்தான். ஆனால் முதல் பருவம் முடிந்தவுடன் அந்தப் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. அதிலிருந்து அப்புறம் ஒரு கேள்வியும் இல்லை. எடுத்துப் புழங்காதது மறக்கும் என்று இப்போதுதானே பார்த்தோம்? மேல் வகுப்புகளில் அம்முறை இல்லை. இப்படி வருஷக்கணக்காய் எழுதினவுடன் மறக்கப் பழகிய பிள்ளையை, பத்தாவதில் உறவுகளும் சார்புகளும் தொடங்கிப் புள்ளியியலும் நிகழ்தகவும் வரையில் ஒரே நாளில் ஒப்பி என்றால் எப்படி ஒப்பிப்பான்?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தேறமாட்டார்கள் என்று அஞ்சப்படும் பிள்ளைகளை "மெல்லக் கற்போர்" என்று பெயரிட்டுத் தனியாக உட்காரவைத்து, கொஞ்சம் காகிதத்தைக் கொடுத்து "இதை மட்டும் உருப்போடு" என்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். பத்தாவது கணக்குக்கு 100 மார்க்கு, தேற 35. வடிவியல் படம் ஒன்றும் வரைபடம் ஒன்றும் எட்டு எட்டாக 16 மார்க்கு. ஒரு மார்க்குக் கேள்வி 14. ஆக 30. இரண்டு மார்க்குக் கேள்வி மூன்று எழுதினால் 36. பிள்ளை தேறிவிட்டான்! பள்ளிக்கூடத்துக்கும் பெயர் வந்துவிட்டது. இருபது தடவை அதே முக்கோணத்தை வரைந்தவனைப் பார்த்து, ஏனப்பா இந்த இடத்தில் கோணமானியை வைத்தாய் என்றால் பதில் இல்லை. எந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம் கிடைக்கிறது என்று கவனித்தீர்களா? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவனுக்கும், டியூஷனுக்குப் பணம் இல்லாதவனுக்கும்தானே? மெல்லக் கற்கிறவன் என்று அவனுக்கு முத்திரை குத்துவதற்கு முன்னால், அவனுக்கு யார் எவ்வளவு மெல்லச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பணமுள்ளவர் பள்ளிக்கூடத்திலும் வேறு தினுசான கூத்து நடந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்க 2017-இல் உத்தரவு போட்டு, 2018 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். பிறகு 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்ததையொட்டி அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பாரம் குறைந்தது என்று நாமும் சந்தோஷப்படுவோம். பழைய கூத்து திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பெற்றோர்க்கு வந்திருக்கிறது.

ஆகவே பரீட்சையில் மறந்துபோயிற்று என்கிறானே பிள்ளை, பெரும்பாலும் அது மறதிகூட அல்ல. அவனுக்கு வந்ததே இல்லை, வந்ததுபோல் இருந்தது. இது எப்படி என்று சொல்லுகிறோம்.

புத்தகத்தில் கூம்பு என்று தலைப்பிட்டு அதன்கீழ்ப் பத்துக் கணக்கு இருக்கிறது. முதல் கணக்கை உபாத்தியாயர் பலகையில் போடுகிறார். மற்ற ஒன்பதிலும் பிள்ளை எண்ணை மாத்திரம் மாற்றிப் போடுகிறான். எல்லாம் சரி. எந்த வழியில் போடவேண்டும் என்று யோசிக்கவேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை, தலைப்பே சொல்லிவிட்டது. பரீட்சைத் தாளில் தலைப்பு ஏது? அங்கே கணக்கு பெயர் போட்டுக்கொண்டு வருவதில்லை, மாறுவேஷத்தில் வருகிறது. இதை அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். நான்கு விதமான கன உருவங்களின் கொள்ளளவுக் கணக்கைக் கல்லூரி மாணாக்கருக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தார் ஒவ்வொரு விதத்தையும் அடுக்கடுக்காகப் போட்டார்கள்; மற்றக் கூட்டத்தார் நான்கையும் கலந்து போட்டார்கள். பழகும்போது அடுக்காகப் போட்டவர்க்கு நூற்றுக்கு 89 சரி, கலந்து போட்டவர்க்கு 60. ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். அடுக்காகப் போட்டவர் 20-க்கு இறங்கினார்கள். கலந்து போட்டவர் 63! பழகும்போது சுலபமாயிருந்தது பரீட்சையில் கைவிட்டது. பழகும்போது கஷ்டப்படுத்தியது கைகொடுத்தது. 89 வாங்கிய பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் அன்றைக்கு எவ்வளவு பூரித்திருப்பார்கள்!

இன்னொரு மோசடி, படித்துப் பார்த்தல். போட்ட கணக்கை நோட்டில் மறுபடி மறுபடி படிக்கிறான். ஒவ்வொரு வரியும் தெரிந்ததாகவே இருக்கிறது. தெரிந்த முகம் வேறு, கூப்பிட்டால் வரும் பெயர் வேறு அல்லவா? ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நூற்றுக்கு 81 சொன்னார்கள். ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 75 சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முன்னவர் 42, பின்னவர் 56. இது உரைநடைப் பாடத்தில் செய்த சோதனை. ஆனாலும் போட்டாலன்றி வராத கணக்குக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம்.

தவிர, காரணம் தெரியாமல் ஏறியது காரணம் சொல்லாமலே இறங்கிவிடும். a-யும் b-யும் கூட்டி வர்க்கம் செய்யச் சொன்னால், பத்துப் பிள்ளையில் பலர் a வர்க்கத்தையும் b வர்க்கத்தையும் கூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் 2ab எங்கே? மறந்துவிட்டதாம். மறக்காமல் எப்படி இருக்கும், அதை அவன் கண்ணால் பார்த்ததில்லையே? பத்தடிக்குப் பத்தடி ஒரு பாத்தி. அதை இரண்டு பக்கமும் இரண்டடி அகலமாக்குங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுர அடி. பழைய பாத்தி 100. மூலையில் வந்த சின்னச் சதுரம் 4. மிச்சம் 40 எங்கிருந்து வந்தது? பக்கத்துக்கு இருபதாக இரண்டு நீளத் துண்டு. அதுதான் 2ab! வரப்பை வெட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்குமா? கூம்பின் கொள்ளளவுக்கு மூன்றில் ஒன்றா, மூன்றில் இரண்டா என்று ஹாலில் மேல்கூரையைப் பார்க்கிறான். ஒரு டப்பாவின் வாயளவும் உயரமும் உள்ளதாக அட்டையில் ஒரு கூம்பு செய்து, மணலை அள்ளிக் கொட்டிப் பார்க்கட்டும். மூன்று தடவையில் டப்பா நிரம்பும். அப்புறம் அவன் மேல்கூரையைப் பார்க்கவேண்டியதில்லை.

இவ்வளவையும் விட்டுவிட்டு நம்மவர் என்ன செய்கிறார்கள்? பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் ஹயக்கிரீவர் சந்நிதியில் வைத்துப் பூசை போடுகிறார்கள். பேனாவா கணக்குப் போடப்போகிறது? கேட்டால், நாமகிரித் தாயார்தான் ராமானுஜனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று கதை சொல்லுவார்கள். அவர் அப்படி நம்பினார் என்பது இருக்கட்டும், நடந்ததைப் பாருங்கள். 1903-இல் கார் என்பவர் எழுதிய, சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் அடங்கிய புத்தகம் அவர் கைக்கு வந்தது. பெரும்பாலும் நிரூபணம் இல்லாத அந்தச் சூத்திரங்களை அவர் தாமே போட்டுப் போட்டுப் பார்த்தார். காகிதத்துக்குக் காசு இல்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார். சொல்லிக்கொடுத்தது அந்த முழங்கை! கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனியாமல் உதவித்தொகையை இழந்து, அப்புறம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் அவர் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. தாயார் மற்றப் பாடத்தையும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடாதா?

சரி, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் நாங்கள் என்ன செய்ய என்று தாய்மார்கள் கேட்கலாம். உங்களால்தான் அதிகம் ஆகும். சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நேற்றுப் போட்ட கணக்கைப் புத்தகம் பார்க்காமல் போடு, ஏன் இப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பதில் சரியா என்று உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. தெரியாதவருக்குச் சொல்லிப் புரியவைக்க வாயைத் திறந்தவுடனே, எந்த இடத்தில் தனக்குப் புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அவன் தடுமாறினால் திட்டாதீர்கள். தடுமாறித் தேடி எடுப்பதுதான் பதிகிறது.

இரண்டாவது, வீட்டில் ஒரு பழைய டப்பா எடுங்கள். ஜூன் மாதத்திலிருந்தே, பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கில் தினம் ஒன்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் போடட்டும், தலைப்பு எழுதக்கூடாது. தினமும் மூன்று சீட்டைக் குலுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, சீட்டை மறுபடி டப்பாவிலே போட்டுவிடவேண்டும். பழசும் புதுசும் தானே கலந்துவரும். அரை மணி நேர வேலை, செலவு இல்லை, தட்சணை இல்லை. உத்தரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில் குடவோலை போட்டார்கள் என்று பெருமை பேசுகிறோம். அந்தக் குடத்தில் நிலமும் வேதப்படிப்பும் உள்ளவர் பெயர்தான் விழுந்தது. இந்த டப்பாவில் யார் வீட்டுப் பிள்ளையின் கணக்கும் விழலாம்.

மூன்றாவது, நம் படிப்பகத் தோழர்களுக்கு. பத்திரிகை வாசித்து முடிந்தபின் இரவு ஏழு முதல் எட்டு வரை அந்த பெஞ்சுகள் சும்மாதானே கிடக்கின்றன? டிப்ளமோவோ பட்டமோ படித்து முடித்த வாலிபர்கள் தினம் ஒருவராக அங்கே வந்து உட்காரட்டும். பாடம் நடத்தவேண்டாம்; டப்பாச் சீட்டை எடுத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். பெண்பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்பவேண்டும். இருட்டில் எப்படி அனுப்புவது என்று சொல்லுகிறவர்கள் கூடவே வந்து உட்காருங்கள், பத்திரிகை இருக்கிறது. சரஸ்வதி பூசையன்று வீட்டில் புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் தெளித்து, இன்றைக்கு அதைத் தொடக்கூடாது என்பார்கள். அன்றைக்குப் படிப்பகம் காலையிலேயே திறந்திருக்கும். பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடட்டும்.